ஜி.எம். தலையில் கொத்தமல்லி!

உங்கள் மேனேஜரோடு ஒரே அறையில் முப்பது நாள் தங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் போன ஜென்மத்தில் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறீர்கள். தங்கியிருக்கிறீர்கள் என்றால்... வாருங்கள் பிரதர், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

எனக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை. பெயர் வேண்டாம். இன்னமும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்!

2014 ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பூஜை முடிந்து பொரி கொடுத்ததும், வழக்கம்போல ஒரு சின்னக் கலை நிகழ்ச்சி. நான் கொஞ்சம் மிமிக்ரி பண்ணுவேன். நடிகர்கள் எல்லாரையும் முடித்துவிட்டு, கைதட்டல் தந்த போதையில், எங்கள் ஜி.எம். சாரை எடுத்துவிட்டேன்.

ஜி.எம். சாருக்கு ஒரு பழக்கம். கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார். "கூப்ட்டா வரணும். கேட்டா சொல்லணும். ரெண்டும் இல்லேன்னா நிக்கணும்!" - இது அவருடைய திருவாசகம். அதற்கு முன்னால் தொண்டையில் 'க்ஹும்' என்று ஒரு ஹார்ன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ட்ரம் செக்ஷனில் ஒருவர் தன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு கேட்டு, ஷிப்மென்ட் இருக்கிறதென்று மறுக்கப்பட்டிருந்தார். அந்தக் காட்சியை அப்படியே செய்து காட்டினேன். "காரியமா? காரியம்தான்யா முக்கியம்! போய் காரியத்தைப் பாரு... ட்ரம்மைப் பாரு!"

கூரை பிய்த்துக்கொண்டு போனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் ஜி.எம். சார் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மறுவாரம் ஏ.சி. போட்ட லேபிலிருந்து எனக்கு மாற்றல். எங்கே? சுண்ணாம்பு செக்ஷனுக்கு. பச்சைத் தோலை சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை எடுக்கும் இடம். அந்த வாசனையைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கத்தை நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். இன்கிரிமென்ட்டும் சுண்ணாம்பில் ஊறிக் கரைந்துபோனது. நாலு வருடம். அதற்கப்புறம் நான் யார் மாதிரியும் பேசவில்லை. என் மாதிரியே பேசுவதுகூடக் குறைந்துவிட்டது.

2019-ல் கம்பெனிக்கு ஒரு இத்தாலி மெஷின் வாங்க முடிவானது. தோலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சதையைச் சீவும் பிளஷிங் மெஷின். அது எந்த செக்ஷனில் ஓடும்? சுண்ணாம்பு செக்ஷனில்! யாரை ட்ரெயினிங்குக்கு அனுப்புவது? சுண்ணாம்பு செக்ஷன் ஆளைத்தானே! தண்டனையே பாஸ்போர்ட்டாகிவிட்டது பாருங்கள்.

ஒரே ஒரு சிக்கல். கூட வருவது ஜி.எம். சார்.

* * *

இத்தாலியில் டஸ்கனி மாநிலம். பைசா சாய்ந்த கோபுரத்துக்கும் பிளாரன்ஸுக்கும் நடுவே ஆர்னோ நதிக்கரையில் சாந்தா க்ரோச்சே என்று ஒரு ஊர். ஊர் முழுக்கத் தோல் ஷாப். ரயிலை விட்டு இறங்கி அந்தப் பக்கம் போனதுமே எனக்குச் சொந்த ஊர் வந்த மாதிரி ஒரு வாசனை!

ஒரே அறை. இரண்டு கட்டில். ஜி.எம். சார் சுத்த சைவம். தோல் கம்பெனியில் சைவமா என்று சிரிக்காதீர்கள், நாங்களே சிரித்து முடித்துவிட்டோம். குக்கர், புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் சகிதம் வந்திருந்தார். காலையில் நான் சாதம் வைப்பேன், அவர் கிளறுவார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை "உப்பு?" "போதும் சார்" அளவில் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஷின் கம்பெனிக்காரர்கள், "சும்மா அறையில் உட்காராதீர்கள், வியாரெஜ்ஜியோவுக்குப் போங்கள். கார்னிவல்!" என்றார்கள்.

"கார்னிவல்னா... ஜெயன்ட் வீல், டெல்லி அப்பளம், அதுவா?" என்றார் ஜி.எம். சார்.

பைசாவில் மாறினால் இருபது நிமிட ரயில். வியாரெஜ்ஜியோ ஒரு கடற்கரை ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அபுவான் மலை. மலை வெள்ளை வெளேரென்று இருந்தது. "பனி" என்றேன். "அத்தனையும் பனி இல்லய்யா, பாதி மார்பிள்" என்றார் சார். உண்மைதான். கராரா சலவைக்கல் வெட்டுவது அந்த மலையில்தான். கல் என்றால் எங்கள் ஜி.எம். சாருக்குத் தெரியும். நெஞ்சே அதில் செய்தது என்று அப்போது நான் மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

கடலில் குளிக்கப் பணக்காரர்கள் வந்து வந்தே வளர்ந்த ஊர் அது. ஆங்கிலக் கவி ஷெல்லி 1822 ஜூலையில் படகு கவிழ்ந்து இறந்தபோது உடல் ஒதுங்கியது இந்தக் கரைப் பக்கம்தான். நண்பர் பைரன் பார்த்துக்கொண்டிருக்க, மணலிலேயே தகனம் செய்தார்கள். ஷெல்லிக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. 2009 ஜூன் 29 இரவு இந்த ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கேஸ் ஏற்றி வந்த சரக்கு ரயில் தடம் புரண்டு வெடித்து 32 பேர் இறந்தார்கள். சிரிக்கத் தெரிந்த ஊர்தான். ஆனால் துக்கம் தெரியாத ஊர் இல்லை. இதைச் சொன்னபோது சார் ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிஷம் நின்று தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

டிக்கெட் கவுன்ட்டரில் ஆளுக்கு ஏறக்குறைய 20 யூரோ என்றதும் மனக்கணக்குப் போட்டு, "ஆயிரத்து அறுநூறு ரூபாய்! ஊர்வலம் பாக்கவா? நம்ம ஊர்ல தேர் பாக்க எவன்யா டிக்கெட் வாங்கறான்?" என்றார். வாங்கினார். பில்லைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

* * *

மூன்று பீரங்கி வெடி. பயந்துவிடாதீர்கள், ஊர்வலம் ஆரம்பம் என்று அர்த்தம்.

அப்புறம் வந்தது பாருங்கள்! நம்ம தேர் உயரத்துக்கு, இருபது மீட்டர் என்கிறார்கள், ஒவ்வொரு வண்டியும் ஒரு நகரும் கட்டடம். அதன் மேலே பிரம்மாண்டமான தலைகள். கண் உருளுகிறது, வாய் திறந்து மூடுகிறது, கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிறது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து நெம்புகோலை இழுக்கிறார்கள். வண்டி மேலேயே ஒரு பெரிய கூட்டம், வேஷம் போட்டு, பாட்டுக்கு ஒரே ஆட்டம்.

அத்தனை தலையும் எதனால் செய்தது தெரியுமா? காகிதம்! பழைய நியூஸ் பேப்பர்!

எங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா நின்றிருந்தார். படகு கட்டும் பட்டறையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஓட்டை ஆங்கிலத்தில் விளக்கினார். எங்கள் ஆங்கிலமும் அதே மாடல்தான் என்பதால் சுலபமாகப் புரிந்தது. முதலில் களிமண்ணில் தலை செய்வார்களாம். அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள்ளே மாவுப் பசையில் நனைத்த பேப்பர் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து உரித்தால், காற்று மாதிரி லேசான தலை ரெடி. அன்டோனியோ தார்லியானோ என்பவர் 1925-ல் இந்த முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் மரம், சாக்கு, பிளாஸ்டர் என்று பளுவில் செய்துகொண்டிருந்தார்கள். காகிதம் வந்ததும் வண்டிகள் வளர்ந்துகொண்டே போய்விட்டன.

எனக்கு இதில் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது. நேற்றைக்கு எந்தப் பேப்பரில் தலைவரின் பேச்சு வந்ததோ, அதே பேப்பர் இன்றைக்கு அவருடைய மூக்காகிவிடுகிறது!

ஏனென்றால் அத்தனையும் கிண்டல். பிரதமர், மந்திரி, பணக்காரர் ஒருத்தரும் தப்ப முடியாது. அந்த வருஷம் ஃபாப்ரிஸியோ கல்லி என்ற சிற்பி அமெரிக்க அதிபர் டிரம்பைத் தங்கக் கவசம் போட்ட பேரரசராகச் செய்திருந்தார். கையில் கோட்டை வாசல் அளவுக்கு ஒரு வாள். வாளில் இறக்குமதி வரியைப் பற்றி ஒரு சிலேடை. தாத்தா அர்த்தம் சொன்னார். சொல்லிவிட்டு, அதிலிருக்கும் கெட்ட வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார்.

"வரியா?" என்று சட்டென்று நிமிர்ந்தார் ஜி.எம். சார். "யோவ், நம்ம லெதருக்கு ஏத்திடப் போறான்யா!" கார்னிவலிலும் கம்பெனி ஞாபகம். அதனால்தான் அவர் ஜி.எம்.

தாத்தா சிரித்தார். "இந்தக் கார்னிவலே வரியில் பிறந்ததுதான்" என்றார். 1873. காபி கடையில் கூடும் சில பணக்கார இளைஞர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலம் ஆரம்பிப்பதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பூ அலங்கார வண்டிகளில் ஊரைச் சுற்றி வருவது. கறிக்கும் கும்மாளத்துக்கும் அதுதான் கடைசி நாள், மறுநாள் சாம்பல் புதன். அந்த முதல் ஊர்வலத்திலேயே சிலர், வரிச்சுமை தாங்கவில்லை என்று எதிர்ப்புக் காட்ட முகமூடி போட்டு வந்தார்களாம். அன்றைக்குப் போட்ட முகமூடியை இன்னும் கழற்றவில்லை.

"கிண்டல் பண்ணினா தலைவருக்கெல்லாம் கோபம் வராதா?" என்று கேட்டேன். என் கவலை எனக்கு.

"வரும். வந்தால் அடுத்த வருஷம் தலையை இன்னும் பெரிசாகச் செய்வார்கள்" என்றார் தாத்தா. "இங்கே தலை வராத தலைவருக்குத்தான் வருத்தம். அவரை யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம்!"

நான் எந்த ஊர்க்காரன்? 1987-ல் அட்டைப்பட ஜோக்குக்காக ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியருக்கே சட்டசபை சிறைத்தண்டனை கொடுத்த ஊர்க்காரன். ஆயுத பூஜை ஜோக்குக்கு நாலு வருஷம் சுண்ணாம்பில் ஊறியவன். மெதுவாக ஓரக்கண்ணால் ஜி.எம். சாரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

* * *

அப்போதுதான் அது நடந்தது.

கோட்டு, டை சகிதம் விறைப்பாக நின்றுகொண்டிருந்த எங்கள் ஜி.எம். சாரின் பளபள வழுக்கையில், தேவதை வேஷம் போட்ட ஒரு குட்டிப் பெண், அப்பா தோளில் உட்கார்ந்தபடி, ஒரு பை நிறையக் கலர் காகிதப் பொட்டுகளைக் கவிழ்த்தாள்.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பாவம், ஐந்து வயசுதான் இருக்கும். இவளை எந்த செக்ஷனுக்கு மாற்றுவார்?

சார் தலையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு, பச்சை, மஞ்சள். "என்னய்யா இது?"

"கொரியாந்தொலி" என்றார் தாத்தா. கொத்தமல்லி! அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகு பூசிய மல்லி விதையைத்தான் கார்னிவலில் ஒருவர் மேல் ஒருவர் எறிவார்களாம். விதை போய் காகிதம் வந்துவிட்டது, பெயர் மட்டும் மல்லியாகவே நின்றுவிட்டது. இதை கன்ஃபெட்டி என்று நாம் இங்கிலீஷில் பீற்றிக்கொள்கிறோமே, இத்தாலியில் போய் கன்ஃபெட்டி கேட்டால் கல்யாண வீட்டுப் பாதாம் மிட்டாயை நீட்டுவார்கள்.

"மல்லியா! நம்ம ஊர் சாமான்யா இது!" என்றார் சார்.

அப்புறம் அவர் செய்ததை ராணிப்பேட்டையில் இதுவரை ஒருத்தர்கூட நம்பவில்லை. நேரே கடைக்குப் போய் இரண்டு பை வாங்கினார் (பில் கேட்கவில்லை!). ஒரு பையைக் குழந்தை தலையில் பாதி, அவள் அப்பா தலையில் மீதி. இரண்டாவது பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார்... சார்... வேண்டாம் சார்..."

"கூப்ட்டா வரணும்!" என்று கத்திக்கொண்டே முழுப் பையையும் என் சட்டைக் காலருக்குள் கொட்டினார். க்ஹும் கூட இல்லை!

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள் யார் என்று எங்களுக்கே தெரியாது. 'சென்ச்சி' என்று ஒரு பலகாரம் வாங்கித் தின்றோம். கந்தல் துணி என்று அர்த்தமாம். மைதா மாவை நாடா நாடாக வெட்டி எண்ணெயில் பொரித்து சர்க்கரைத் தூள் தூவியது. சாட்சாத் நம்ம கலகலாவின் தூரத்துச் சொந்தம். ஊர்ச் சின்னம் புர்லமாக்கோ வேஷத்தில் ஒருவன் வந்தான். கட்டம் போட்ட சிவப்பு வெள்ளைச் சட்டை, கறுப்பு அங்கி, சிவப்புத் தொப்பி. 1930-ல் உபெர்த்தோ போனெத்தி என்ற ஓவியர் வரைந்த கோமாளி. அவனோடு கைகோத்துக்கொண்டு சார் போட்டோ எடுத்துக்கொண்டார்.

* * *

திரும்பும் ரயிலில் எதிரெதிர் சீட். சாரின் காதுக்குள் இன்னும் ஒரு பச்சைப் பொட்டு.

"செஞ்சு காட்டு" என்றார் திடீரென்று.

"எதை சார்?"

"என்னை."

கை காலெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. நாலு வருஷம் பூட்டிவைத்த குரல், சாவி எங்கேயோ விழுந்துவிட்டது. சார் காத்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கண்ணாடி இல்லாத என் மூக்கிலிருந்து இல்லாத கண்ணாடியைக் கழற்றி, இல்லாத டையில் துடைத்து, "க்ஹும்..." என்றேன்.

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி சொன்னார்: "என் பொண்ணு இதைவிட நல்லா செய்வாய்யா வீட்ல."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து...

"அன்னிக்கு நீ என்னைச் செஞ்சது எனக்குக் கோபம் இல்லே. அந்த லீவு மேட்டர்... லீவு குடுக்காதேன்னு சொன்னது யாரு தெரியுமா? பக்கத்துல உக்காந்து சிரிச்சாரே, அவரு. கையெழுத்து என்னது, வாய் அவருது. அந்த ஆளுகிட்ட மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். கையெழுத்துப் போட்டது நான்தானே, எனக்கும் பங்கு உண்டு. ஆனா அத்தனை பேரும் சிரிச்சீங்க. அவரைச் செய்ய ஒருத்தனுக்கும் தைரியம் வரலே. நடுவுல இருக்கறவனைச் செய்யறது சுலபம்யா. இங்கே பாத்தியா? எவ்ளோ பெரிய ஆளோ, அவ்ளோ பெரிய தலை!"

நான் பேசவில்லை. என்ன பேசுவது? நாலு வருஷமாக என்னை நான் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரியை எதிர்த்து முகமூடி போட்டவன் கணக்கில் என்னைச் சேர்த்து வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், முதலாளி சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அன்றைக்கு அந்தக் காட்சியையே செய்தேன். அப்பாவைப் பறிகொடுத்தவர் அதே கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவே இல்லை.

"உன்னை சுண்ணாம்புக்குப் போட்டது தப்பு. அது கோபத்துல செஞ்சது" என்றார் சார். அவ்வளவுதான். அறைக்கு வந்ததும், "உப்பு?" "போதும் சார்."

மறுநாள் அவர் பழையபடி ஜி.எம். மெஷின் பக்கத்தில் நின்று என்னை ஏழு தடவை திட்டினார். கார்னிவல் என்றால் அப்படித்தான். சாம்பல் புதன் வராத கார்னிவல் உண்டா?

* * *

2019 அக்டோபர். ஆயுத பூஜை. இத்தாலி மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். முதலில் என்னையே செய்தேன் - சுண்ணாம்பு வாசனையோடு பஸ்ஸில் ஏறினால் எனக்கு மட்டும் எப்படி மூன்று பேர் சீட் கிடைக்கிறது என்று. அடுத்து ஜி.எம். சார். அப்புறம் ஒரு முழுங்கு தண்ணீர் குடித்துவிட்டு, முதலாளியைச் செய்தேன். லீவு வேண்டாம் என்று அவர் வாயால் சொல்வதையும், அதற்கு மேனேஜர் கை தானாகக் கையெழுத்துப் போடுவதையும்.

ஹால் முழுக்க நிசப்தம். ஒருத்தர் இருமக்கூட இல்லை. சுண்ணாம்புக்கு அடுத்து எந்த செக்ஷன் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது என் தலையில் என்னவோ பொலபொலவென்று விழுந்தது. பொரி! முன்வரிசையில் ஜி.எம். சார் எழுந்து நின்று இரண்டாவது கைப்பிடி அள்ளிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், பின்னாலிருந்து பொரி, கடலை, அவல் எல்லாம் பறந்து வந்தது. கடைசி வரிசையை இந்தத் தடவை பார்த்தேன். ட்ரம் செக்ஷன்காரர் சிரிக்கவில்லை. ஆனால் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கொரோனாவால் 2021-ல் வியாரெஜ்ஜியோ கார்னிவலையே செப்டம்பர், அக்டோபருக்குத் தள்ளிவைத்தார்கள். ஆனாலும் விடவில்லை, நடத்தினார்கள். 2023-ல் அதற்கு 150 வயது. ஜி.எம். சார் ரிடையராகிவிட்டார். போன் செய்தால் "க்ஹும்" என்றுதான் எடுக்கிறார்.

முதலாளி சிரித்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? பாதி சிரித்தார்.

அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் வந்தது. அதுவும் பாதிதான்!